வெளுத்த தக்காளிக் கன்றுகள்

நேற்றுக் காலை மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தபோது பச்சைப்பசேலென்று இருந்த தக்காளிக் கன்றுகள் இன்று வெளுத்துக் கிடந்தன. காய்ந்த காகிதம் மாதிரி வெள்ளைத் திட்டுகள், தொட்டால் நொறுங்கின. அந்த வீட்டு மூத்த மருமகள் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்தாள். பூச்சி இல்லை, புழு இல்லை.

விதை போட்டவள் இளையவள், அவள் ஓரகத்தி. மாடி அறை ஜன்னலோரம் தயிர் டப்பாக்களில் முளைக்க வைத்தவள், காய்ச்சலென்று படுத்து எழுந்திருக்கவேயில்லை. மாடியும் கீழுமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எதற்குச் சண்டை என்பதே மறந்துபோய், சண்டை மட்டும் மிச்சமிருந்தது. போன வாரம் கொழுந்தன் வந்து, "அண்ணி, அவ புடவையெல்லாம் தொவச்சு யாருக்காவது குடுத்துடுங்க. செடிய மட்டும் விட்டுடாதீங்க. அவ வெச்சுட்டுப் போனதுல உசிரோட இருக்கறது அது ஒண்ணுதான்" என்றான்.

"செத்தும் நான் தொட்டா அவளுக்கு ஆகல, பாருங்க" என்றாள், மாடியேறி வந்த கணவனிடம்.

"இலை வெளுத்ததுக்கும் அவதானா? செத்தவளயாவது நிம்மதியா விடு." அவர் இறங்கிப் போய்விட்டார்.

மறுபடி குனிந்தபோதுதான் கவனித்தாள். மேல் இலை மறைத்த இடத்தில் கீழ் இலை அதே வடிவத்தில் பச்சையாக இருந்தது. ஓரத்து மூன்று டப்பாக்களில் ஒரு திட்டுகூட இல்லை. அவற்றுக்கு நேரே கொடியில், நேற்று துவைத்துப் போட்ட இளையவளின் நீலப் புடவை. சீக்குமில்லை, சாபமுமில்லை, வெயில். ஜன்னலுக்குள் வளர்ந்ததுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்காமல் உச்சி வெயிலில் நிறுத்தியது மூத்தவளேதான். அந்த ஜன்னலைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அத்தனை அவசரம். நினைத்ததும் உடம்பு கூசியது. இதற்குச் சாபமே தேவலை.

குருத்துகள் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன, பிழைத்துக்கொள்ளும். டப்பாக்களைப் புடவையடியில் நெருக்கி வைத்தாள். நிழல் போதவில்லை. புடவைக்குப் பின்னால் நின்று அதன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

படியில் கொழுந்தனின் காலடி. 'தம்பி, தப்பு என்மேலதான்' என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் காலடி பாதியில் நின்றது. புடவைக்குக் கீழே தெரிந்த பாதங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

"வாலு" என்றான். அந்த வீட்டில் அந்தப் பெயர் இளையவள் ஒருத்திக்குத்தான். "வெயில்ல எதுக்குடி நிக்கிற?"

கை கடுத்தது. முந்தானையை விட்டால் கன்றுகள்மேல் வெயில் விழும். அவள் முகமும் தெரிந்துவிடும். புடவைக்கு அந்தப் பக்கம் அவன் பதிலுக்குக் காத்திருந்தான்.