வண்டும் எட்டு அறிவும்

அறிவு மொத்தம் எட்டு வகையாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று தூக்கலாக இருக்குமாம். அது எதுவென்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படிப் படிக்கப் பிடிக்கும் என்பதும் தெரிந்துவிடுமாம். பளபளவென்று வந்த நிபுணர் ஒரே காலையில் பள்ளிக்கூடம் முழுவதையும் அளந்துவிட்டார். கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட இதைவிட நேரம் எடுத்துத் திருப்பிப் பார்ப்பான் என்று கணக்கு டீச்சர் பல்லைக் கடித்தாள்.

அளந்ததில் மாட்டியது வண்டு. ஆறாம் வகுப்புப் பெண், கணக்கில் புலி. மனக்கணக்குப் போடும்போது முனகிக்கொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பெயர். முனகல் நின்றால் விடை வந்துவிட்டது என்று வகுப்புக்கே தெரியும். நிபுணர் அந்த முனகலைக் கண்ணை மூடி ரசித்துவிட்டு 'இசை அறிவு' என்று எழுதிவிட்டார். இனி வருடம் முழுக்க அவளுக்குக் கணக்கு வகுப்பு இல்லை. பாட்டறையில் உட்கார்ந்து வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாட வேண்டும்.

டீச்சர் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். நிபுணரும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அவ பாடல. கணக்குப் போட்டா."

"இசைப் பிள்ளைங்களுக்குக் காதால படிக்கத்தான் மேடம் பிடிக்கும்," என்றார் நிபுணர்.

"எதுல கெட்டிங்கறது வேற, எப்படிப் படிக்கப் பிடிக்கும்ங்கறது வேற. எனக்குப் படுத்துக்கிட்டே படிக்கத்தான் பிடிக்கும். என்னைத் தூக்க அறிவுன்னு எழுதுவீங்களா?"

தலைமையாசிரியர் சிரிப்பை இருமலாக்கினார். நிபுணர் பதிலுக்கு ஒரு படத்தை விரித்தார். வட்டம், வட்டத்துக்குள் அம்பு, அம்புக்கு நாலு நிறம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! ஒரு சோற்றைக்கூடத் தொடாமல் பானைக்கே பதம் சொல்கிற இந்த மகானுக்கு, அளந்து முடித்ததும் எல்லோரும் கை வேறு தட்டினார்களே என்று டீச்சருக்கு வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் நாள் தவறாமல் அந்த அறை வாசலைத் தேய்த்தாள். விட்டது தொல்லை என்று தலைமையாசிரியர் கடைசியில் வண்டைத் திருப்பி அனுப்பினார்.

ஜெயித்த மிதப்பில் டீச்சர் பலகையில் கொஞ்சம் கடினமான கணக்காகவே எழுதினாள். மற்ற பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள். வண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, போடேன்."

"எனக்குக் கணக்கு வராது டீச்சர். சோதிச்சுப் பாத்துட்டாங்க."

"போன மாசம் எல்லாருக்கும் முன்னாடி நீதானே முடிச்ச?"

வண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு டீச்சரைத் தேற்றுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அதெல்லாம் தெரியாம வந்திருக்கும் டீச்சர்."