குளிகையில் மாட்டிய பெல்ட்

எனக்கு மணவாளன் என்று பெயர் வைத்தவர் அப்பா. முப்பத்திரண்டு வயது வரை அந்தப் பெயருக்கு வேலை வராமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். பெண் பார்க்கப் புறப்படும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் தேடித் தேடியே ஐந்து பெண்களை வேறு வீடுகளுக்கு அனுப்பிவைத்தார்.

1964-ல் எங்கள் லேண்ட்மாஸ்டர் காரின் ஃபேன் பெல்ட் வெடிப்பு விட்டிருந்தது. முதுநகர் மெக்கானிக் மீரான், "மாமா, இது இந்த வாரமே அந்துடும். அறுந்தா இன்ஜின் கொதிச்சு நின்னுடும். மாத்திடுவோம்" என்றார்.

"நாளு பாத்துச் சொல்றேன்" என்றார் அப்பா.

செவ்வாய் ஆகாது. புதன் அஷ்டமி, வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை எதையும் கழற்றி எறியக் கூடாது. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது.

"பெல்ட்டு ரப்பர் மாமா."

"மாட்டுறது இரும்புலதானே?"

மீரான் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, புது பெல்ட்டையும் ஒரு ஸ்பானரையும் டிக்கியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் பெண் பார்க்க வேண்டும். பெண் பெயர் மங்கலம். போட்டோ பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மணிக்கு மாயவரத்திலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அதற்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். எமகண்டம் முடிந்து ஒன்றரைக்குக் கிளம்பினோம். மூன்று மணிக்குக் குளிகை பிறக்குமுன் போய்ச் சேர்வதாக ஏற்பாடு.

புதுச்சத்திரம் தாண்டியதும் பெல்ட் அறுந்தது. ரேடியேட்டர் புஸ்ஸென்று கொதித்தது. இன்ஜின் ஆறுவதற்குள் மூன்றாகிவிட்டது. ஸ்பானரை எடுத்தேன்.

"வைடா கீழ! குளிகையில செஞ்சது திரும்பவும் நடக்கும். இப்ப மாத்துனா மறுபடி மாத்த வேண்டி வரும்."

"எந்த பெல்ட்டுப்பா மறுபடி மாத்தாம இருந்துச்சு?"

"நாலரைக்கு ராவுகாலம். அது முடிஞ்சி ஆறு மணிக்கு மாத்து."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மணிக்கு அந்த மாயவரத்தான் அங்கே பஜ்ஜி தின்றுகொண்டிருப்பான். வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா பேச்சைத் தட்டி பெல்ட்டை மாட்டினேன். வாய்க்கால் தண்ணீரை ஊற்றிக் காரைக் கிளப்பினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்துவந்தார்.

நாலரைக்குப் பெண் வீட்டில் இறங்கினோம். பெண்ணின் அப்பா கலியமூர்த்தி கும்பிட்டார்.

"வாங்க, உக்காருங்க. இப்பத்தான் ராவுகாலம் பொறந்துச்சு. ஆறு மணி வரைக்கும் பொண்ணக் காட்ட முடியாதுங்களே."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "கரெக்டாச் சொன்னீங்க சம்மந்தி!"

எனக்கு அழுகை வராத குறை.

அப்போது உள்கதவுக்குப் பின்னாலிருந்து மங்கலத்தின் குரல் வந்தது.

"ராவுகாலத்துல அவுங்கதானப்பா என்னயப் பாக்கக் கூடாது? நான் அவுங்கள ஜன்னல் வழியாப் பாத்துட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு. மாயவரத்துக்காரங்க வந்தா காப்பி குடுத்து அனுப்பிடுங்க."

பெரியவர்கள் இரண்டு பேரும் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். பெண்ணை எப்போது பார்க்கலாம், எப்போது பார்க்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. பெண்ணே பார்த்துவிட்டால் என்ன செய்வதென்று ஒரு வரிகூட இல்லை.