பெருநாள் இரண்டாம் நாள்

ஹாஸெம் காகிதத்தை மேசைமேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ரனீமின் மாம்பழச் சாறு பாட்டிலை அதன்மேல் வைத்தான். பனிச்சறுக்குத் தளம் இருக்கும் மாலின் வரைபடம் அது. அவனே பேனாவால் வரைந்திருந்தான். இது தெற்கு வாசல், இது நகரும் படிக்கட்டு, இது காலணி வாங்கிக்கொள்ளும் இடம், இது பனித்தளம், இதோ இந்தப் பெஞ்சில் நீ உட்கார்ந்துகொள்ளலாம். பெஞ்சில் என்னையும் வரைந்திருந்தான், ஒரு வட்டமும் ஒரு கைப்பையுமாக. சேர்ந்து வாழ்ந்த எட்டு வருடத்தில் எனக்காக இதில் பாதி யோசித்திருந்தால் நாம் இந்தப் பிளாஸ்டிக் மேசைக்கு வந்தே இருக்க மாட்டோம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மகள் பக்கத்தில் இருந்ததால் மென்று விழுங்கினேன்.

விவாகரத்துத் தீர்ப்பின்படி அவன் ரனீமை இளைஞர் மன்றத்து முற்றத்தில் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை, மூன்று மணி நேரம். வாசலைத் தாண்டி அழைத்துப் போக என் சம்மதம் வேண்டும். இரண்டு வருடமாக நான் கொடுக்கவில்லை. முதலில் அவன்மேல் கோபம், அது எப்போதோ ஆறிப்போயிற்று. இப்போது காரணம் மூன்றாவது மேசை சுஹைர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவள் பையனை அவன் அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தர வெளியே கூட்டிப்போனான். இன்று வரை திரும்பவில்லை. சுஹைர் இப்போதும் வாராவாரம் வருகிறாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். வராவிட்டால் தாய் வரவில்லை என்று எழுதிவிடுவார்களாம். அவள் பேனாவை எடுக்கும்போதெல்லாம் நான் ரனீமின் கையைப் பிடித்துக்கொள்வேன். ஹாஸெம் அப்படிச் செய்யக்கூடியவன் இல்லை, வீட்டுச் சாவியையே எங்கே வைத்தோம் என்று தேடுகிறவன். ஆனால் சுஹைரும் தன் புருஷனைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ரனீமுக்கு ஒன்பது வயது. எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது அவளுக்கு. போன மாதம் ஹாஸெம் திடீரென்று எனக்கு நன்றி சொன்னான், தன் ரத்தக் கொதிப்பைப் பற்றி விசாரித்ததற்காக. நான் விசாரிக்கவே இல்லை. மகளைப் பார்த்தேன். அவள் மும்முரமாகச் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் போய்வந்த பனித்தளத்தைப் பற்றியும் அவள் எங்களிடம் பேசியதில்லை. அவளுடைய ஓவிய நோட்டில் பார்த்துத்தான் ஹாஸெமுக்கே தெரிந்தது. அந்த நோட்டைப் பார்த்த பிறகு மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

நிபந்தனைகள் போட்டேன். நானும் வருவேன். என் அண்ணன் தாமரும் வருவார், தெற்கு வாசலில் நிற்பார். பெருநாளின் முதல் நாள் அண்ணன் வீட்டு விருந்து, அதில் யாரும் கை வைக்கக்கூடாது. போவதென்றால் இரண்டாம் நாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

“தாமரும் உள்ள வரட்டுமே. அவருக்கும் டிக்கெட் எடுக்கறேன். அவர் வழுக்கி விழறதப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை” என்றான்.

ரனீம் சிரித்துவிட்டு, நான் கவனித்தேனா என்று பார்த்தாள். காலணி அளவு முப்பதுதானே என்று கேட்டான். முப்பத்திரண்டு என்றேன். அவன் முப்பதை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதினான். அந்த நேரத்தில் எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

விடுமுறையில் அங்கே கூட்டம் நெரியும், மணிக்கணக்குப்படி முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். காலண்டர் பெருநாளை வெள்ளிக்கிழமை என்றது. ஆகவே அவன் சனிக்கிழமை ஒரு மணிக்கான டிக்கெட் எடுத்து, தான் வேலை பார்க்கும் மெட்ரோ டிக்கெட் கவுன்ட்டரில் அன்றைக்கு விடுப்பும் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை. எல்லாம் எனக்குத் தெரியும், போனில் காட்டினான். ஆனால் பேச்சில் நாங்கள் இருவருமே தேதியைச் சொல்லவில்லை. இங்கே பெருநாளைப் பற்றிப் பேசும்போது யார்தான் தேதி சொல்கிறார்கள்? “ரெண்டாம் நாள், சரிதானே?” என்றான். “ரெண்டாம் நாள்” என்றேன்.

வியாழக்கிழமை நோன்பு திறந்த கையோடு டிவி முன்னால் உட்கார்ந்தோம். பிறை தென்படவில்லை என்று அறிவித்தார்கள். முப்பது நோன்பும் முழுசாக, பெருநாள் சனிக்கிழமை. எதிர்வீட்டில் யாரோ இன்னும் ஒரு நாளா என்று அலுத்துக்கொண்டது கேட்டது. எனக்கு மட்டும் நிம்மதியாக மூச்சு வந்தது. சனிக்கிழமை முதல் நாள் ஆகிவிட்டது. முதல் நாள் அண்ணன் வீடு. இரண்டாம் நாள் ஞாயிறு, அவனால் வர முடியாது. நான் மறுக்கவில்லை, வாக்கு மாறவில்லை, வானம் பார்த்துக்கொண்டது. ரனீமிடம், “ரெண்டாம் நாள்னா இனிமே ஞாயித்துக்கிழமைடா கண்ணு” என்றேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “சரிம்மா” என்றாள்.

ஹாஸெமுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினேன், அழித்தேன். எழுதினால் டிக்கெட் சனிக்கிழமைக்குத்தானே, முதல் நாளானால் என்ன என்பான். அதற்கு என்னிடம் நியாயமான பதில் கிடையாது. அந்த வெள்ளி விடுமுறை என்று மன்றத்தில் முன்பே பலகையில் எழுதிவிட்டதால் நேரில் பார்க்கும் தொல்லையும் இல்லை. வெள்ளி மாலை அவனே செய்தி அனுப்பினான்: ‘நாளை ஒரு மணி. தடித்த சாக்ஸ் போட்டு அழைத்து வா.’ படித்தேன். பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டாம் நாள் என்று நான் தெளிவாகத்தானே சொன்னேன் என்று அன்று இரவு முழுக்க எனக்குள் நானே வாதாடினேன்.

பெருநாள் காலை ரனீம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மாவுச் சர்க்கரை ஒட்டிய உதட்டோடு பலகாரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு அண்ணன் வீட்டில் சாப்பாடு. நான் அங்கே கொண்டுபோகக் கோழியை வதக்கிக்கொண்டிருந்தேன். போன் சத்தமில்லாமல் படுக்கையறையில் கிடந்தது. பன்னிரண்டரை தாண்டியபோது ரனீம் அதைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, அப்பா பதினோரு தடவ கூப்பிட்டிருக்காரு.”

அவள் கட்டைவிரல் திரைமேல் இருந்தது. முந்தின நாள் செய்தியை அவள் படித்துவிட்டாள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று கரண்டியைக் கீழே வைத்தேன். அதற்குள் போன் அவள் கையிலேயே அதிர்ந்தது. எடுத்துவிட்டாள். கூட்டத்தின் இரைச்சல், பாட்டுச் சத்தம், நடுவில் அவன் குரல்.

“எங்கம்மா இருக்கீங்க? வாசல்லயே நிக்கிறேன். இன்னும் இருபது நிமிஷந்தான் இருக்கு.”

ரனீம் என்னைப் பார்த்தாள். போனை நான் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு நாளாகத் தயாராக வைத்திருந்த வாதத்தை விட்டுவிட்டு, கரண்டியை மறுபடி கையில் எடுத்தேன்.

“அப்பா, எனக்குக் காய்ச்சல். காலைலேர்ந்து. அம்மா துணி நனைச்சுப் போட்டுக்கிட்டே இருந்தாங்க, அதான் போன எடுக்கல.”

கண் இமைக்காமல் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டான். முப்பத்தொன்பது டிகிரி என்றாள்.

“நான் வரேன். உள்ள வர மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு. வாசல்லேர்ந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்.”

போனை மேசைமேல் வைத்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் முனகினேன்.

“சொன்னா சண்ட வரும். அப்புறம் வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் பேச மாட்டீங்க” என்றாள். “நா ஒருத்தியே மூணு மணி நேரமும் பேசணும்.”

அதோடு எனக்கு வேலை கொடுக்கத் தொடங்கினாள். அடுப்பை அணைக்கச் சொன்னாள், பலகாரத் தட்டை மறைக்கச் சொன்னாள். புதுச் சட்டையைக் கழற்றி மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, பழைய இரவுச் சட்டையை மாட்டிக்கொண்டாள். முகத்தைக் கழுவி உதட்டுச் சர்க்கரையைத் துடைத்தாள். குளிர்காலம் முடிந்து எடுத்துவைத்த கம்பளியை இழுத்து வந்து கழுத்து வரை போர்த்திப் படுத்தாள். வெளியே நல்ல வெயில். பெருநாளில் சாலை காலியாக இருக்கும், அரைமணியில் வந்துவிடுவான். நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவளைத் தொடவும் தைரியம் வரவில்லை.

கீழே டாக்ஸிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக அவன் இந்தப் படிகளில் ஏறியதில்லை. ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. ஓடித்தான் ஏறினான், ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. “துணிம்மா” என்றாள் ரனீம். சமையலறைக்கு ஓடி ஒரு துண்டை நனைத்து வந்து அவள் நெற்றியில் போட்டேன். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

மணி அடித்தது. நான் எழுந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே என் உடையின் நுனியைப் பிடித்து நிறுத்தினாள்.

“இன்னும் நல்லா நனைங்கம்மா. தண்ணி சொட்டணும்.”

பக்கத்து மேசைக் குவளையிலிருந்த தண்ணீரை அப்படியே துண்டின்மேல் சாய்த்தேன். அது அவள் நெற்றியோரமாக வழிந்து, காதுக்குள் இறங்கி, பெருநாளுக்கு மாற்றிய தலையணை உறையை நனைத்துக்கொண்டே போனது. மணி மறுபடியும் அடித்தது.