ஒரே செட் ஜெர்சி

ஐஸ் பெட்டி வாசற்படியில் மாட்டிக்கொண்டது. நான்கு பேர் அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் உள்ளே நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா மட்டும் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். ரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா விடியற்காலையில்தான் கண்ணை மூடியிருக்கிறாள்; மனிதருக்கு மாடியில் இருக்கும் ஜெர்சிகள் மேல் கவலை.

அப்பா பூபதி ஜலகண்டாபுரத்துப் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். கால்பந்துக்கென்று நிர்வாகம் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு செட் சட்டை, அதுவும் பெரிய பையன்கள் அளவில். பதினான்கு வயதுப் பிரிவு ஆடும்போது அம்மா வசந்தாமணி எல்லாச் சட்டைகளையும் பக்கவாட்டில் பிடித்துத் தைப்பாள். பதினேழுக்குக் கொஞ்சம் தளர்த்துவாள். பத்தொன்பதுக்கு முழுதாகப் பிரித்துவிடுவாள். ஆட்டம் முடிந்தால் துவைப்பதும் அவள்தான். சீசன் முடியும்வரை அந்த வீட்டில் மற்றத் துணிகளுக்கு இரண்டாம் இடம். ரஞ்சனி எட்டாவது படிக்கும்போதே தன் சுடிதாரைத் தானே துவைக்கப் பழகியது இப்படித்தான்.

இந்த வருடம் நடுப்பிரிவு முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. சின்னவர்கள் முந்தாநாள் ஆடி மூன்றாம் இடம் பிடித்தார்கள். பெரியவர்களுக்கு இன்று சாயங்காலம் சேலத்தில் இறுதி ஆட்டம். அந்தப் பள்ளி இறுதி ஆட்டத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை.

பையன்கள் தெருவில் கூட்டமாக நின்றார்கள். கேப்டன் கதிர் மட்டும் உள்ளே வந்து மாலை வைத்துவிட்டு அப்பாவிடம் போனான்.

"நாங்க ஆடலீங்க சார். போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க."

"செரி சாமி" என்றார் அப்பா. அவர் முகம் சுருங்கிப்போனது.

"ஆடறதாவது!" என்றாள் அப்பாவின் அக்கா செல்லியம்மாள். "எடுத்துட்டுப் போற வரைக்கும் ஊட்டுல இருந்து ஒரு துரும்பு வெளிய போகக்கூடாது."

ரஞ்சனிக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்காவது அம்மா யாருக்கும் வேலை செய்யாமல் படுத்திருக்கட்டும்.

கொடியில் காய்ந்த அம்மாவின் சேலையை எடுக்க அவள் மாடிக்குப் போனாள். அங்கே பிளாஸ்டிக் கூடையில் ஜெர்சிகள் இருந்தன. பாதிச் சட்டைகள் பிரித்து, மடித்து, ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மேலே கிடந்த சட்டையில் ஒரு பக்கம் பிரித்தாகிவிட்டது. மறுபக்கத் தையலுக்குள் ஊசி அப்படியே நின்றது. நேற்று வெளியூரில் இருந்த ரஞ்சனியிடம் அம்மா போனில், "நெஞ்சு கரிக்குது கண்ணு, வாயுவாத்தான் இருக்கும். இதையெல்லாம் பிரிச்சுப்போட்டுப் படுத்துக்கறேன்" என்றிருந்தாள்.

அம்மா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. அதை நினைத்ததும்தான் ரஞ்சனிக்கு அழுகை வெடித்தது. காலையிலிருந்து வராத அழுகை.

அழுது முடித்து, கூடையோடு இறங்கி வந்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியை எடுத்தாள்.

"ஏஞ்சாமி, இழவு ஊட்டுல என்ன பண்ற நீ?" என்று பதறினாள் அத்தை.

"இது நம்ம ஊட்டுப் பொருள் இல்லீங்கத்தை. பள்ளிக்கூடத்துது. அவங்களுது அவங்களுக்குப் போவுது."

 அத்தை ஐஸ் பெட்டிக்குள் தெரிந்த வசந்தாமணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கால்களை மடக்கி உட்கார்ந்து, "எனக்கொண்ணு குடு" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்களும் ஆளுக்கொரு சட்டையை இழுத்துக்கொண்டார்கள்.

"அய்யோ அத்தை, நம்பரைப் பிரிக்கறீங்க!"

கண்ணாடி போடாமல் உட்கார்ந்திருந்த அத்தை, ஒன்பதாம் நம்பரில் பாதியைக் கழற்றிவிட்டிருந்தாள். யாரோ சிரித்தார்கள். அடக்க முடியாமல் எல்லாரும் சிரித்தார்கள், ரஞ்சனியும்தான். "வசந்தா இருந்தா இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்னிருப்பா" என்று சிரித்த அத்தை, அப்படியே உடைந்து அழுதாள்.

நம்பரைத் திரும்பத் தைத்து, கூடையைக் கதிரிடம் கொடுத்தார்கள்.

"சார் இல்லாம எப்படிங்கக்கா?"

"போங்க சாமி. பஸ்ஸை உட்றாதீங்க" என்றார் அப்பா.

மதியம் அம்மாவை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அப்பா கொள்ளி வைத்துவிட்டு வந்து குளித்தார். பேச்சுக் கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னார்.

விளக்கு வைத்தபின் பையன்கள் வந்தார்கள்.

"பெனால்ட்டில போச்சுங்க சார்" என்றான் கதிர். அவன் கண்கள் சிவந்திருந்தன. "ரெண்டாவது எடம்."

"நல்லா ஆடுனீங்களா?"

"ஆடுனோமுங்க."

"அது போதும் சாமி."

"சட்டையெல்லாம் நாங்களே தொவைச்சுக்கறமுங்க."

அப்பா அவன் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். ரஞ்சனியும் பின்னாலேயே போனாள். சட்டைகளைப் பெரிய வாளியில் கொட்டிக் குழாயைத் திறந்தார். செம்மண் கரைந்து தண்ணீர் கலங்கியது. சோப்புப் பவுடர் பாக்கெட்டைக் கையில் எடுத்தவர், அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு, இதுக்கு எவ்வளவு போடோணும்?"

ரஞ்சனிக்கும் தெரியவில்லை. அந்தச் சட்டைகளை அவளும் துவைத்ததே இல்லை.

வாளி நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் குழாயை மூடவில்லை.