துரையிடம் கேட்க வேண்டியவை

கிள்ளான் பாசாரில் கடைகளுக்கு முன்னாலிருக்கும் அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த என்னிடம், 1943ஆம் வருடக் கடைசியில் சுலைகா வந்து கேட்டது மனு அல்ல.

"சின்னையாண்ணே, எனக்கு இங்கிலீஷ் பேச வரணும்."

நான் ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதி அப்போது இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்தப் பாஷையில் காகிதம் வைத்திருந்தாலே உளவாளி என்று, மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் அடிப்பான். நான் ரேஷன் பாரங்களை நிரப்பிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வேளையும் மரவள்ளிக்கிழங்கு. கால் வீங்கிப்போயிருந்தது.

அவள் புருஷன் நஜ்முதீனை எனக்குத் தெரியும். சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்பவர். செமினி பக்கம் ஒரு தோட்டத்துக்கு அவர் போயிருந்த நாளில், ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்றும் லோரி வந்திருக்கிறது. கேட்ட தலைக்கணக்கில் ஓர் ஆள் குறைந்ததாம். துணி விற்க வந்தவரை ஏற்றி அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். நான்கு நாள் கழித்துத் தோட்டத்து ஆள் ஒருவர் சைக்கிளை மட்டும் கொண்டுவந்து விட்டுப் போனார்.

"வெள்ளைக்காரன் திரும்பி வரட்டும்மா. நானே நல்ல மனுவா எழுதித் தரேன்."

"மனு தட்டுல கெடக்கும்ணே. தொரை முன்னால நான் நின்னு கேக்கணும். அவன் ஒண்ணு சொன்னா திருப்பிக் கேக்கணும். உங்க காகிதம் திருப்பிக் கேக்குமா?"

இருபது வருடமாக எழுதியிருக்கிறேன். என் காகிதம் எதுவும் திருப்பிக் கேட்டதில்லை.

அவள் வீட்டுக் கொல்லையில் பாடம் தொடங்கியது. காஜாங் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை எனக்குச் சொல்லித்தந்த வரிசையிலேயே நானும் போனேன். திங்கட்கிழமை இலக்கணம், புதன்கிழமை எழுத்து, சனிக்கிழமை பேச்சு. எழுதுவதெல்லாம் சிலேட்டில்தான். பத்து வரி எழுதி, திருத்தி, உடனே அழித்துவிட வேண்டும். சந்துப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று அவள் மாமியார் காத்தூன் பீவி பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் வந்தால் இருமுவார்.

சனிக்கிழமைகளில் நான்தான் துரை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொள்வேன். எத்தனையோ துரைகளின் மேசை முன்னால் கைகட்டி நின்றவன் என்பதால் விரட்டுவது எனக்குச் சுலபமாக வந்தது. "நோ ரெக்கார்ட்" என்பேன். "கம் டுமாரோ" என்பேன். அவள் நின்று பதில் சொல்லிப் பழகினாள். "விச் எஸ்டேட்?" என்றால் மட்டும் தடுமாறுவாள். நஜ்முதீன் எந்தத் தோட்டத்து ஆளும் இல்லையே. எந்தத் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலிலும் இருக்கமாட்டாரே.

"தம்பி, நெசமான தொரைகூட இம்புட்டு வெரட்ட மாட்டான் லா" என்பார் காத்தூன் பீவி. "கெழங்கு தின்னுட்டே இப்புடின்னா, சோறு தின்னா எங்கள ஊரவிட்டே தொரத்திருவீங்க போல."

எத்தனை சனிக்கிழமைகள். அவளுக்குக் காய்ச்சல் இருந்த வாரங்களும் உண்டு, எனக்கு எழுந்து நடக்க முடியாத வாரங்களும் உண்டு. அப்போது அவள் என் அறை வாசலுக்கு வந்து, வெளியே நின்றபடியே பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போவாள். வெள்ளைக்காரன் வருவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இதை அவளிடம் சொன்னதுமில்லை.

ஒரு சனிக்கிழமை விரட்டவும் தெம்பில்லை. வாளிமேல் உட்கார்ந்து, "எஸ், யுவர் ஹஸ்பண்ட் இஸ் கமிங்" என்றுவிட்டேன்.

சுலைகா ஒப்புக்கொள்ளவில்லை.

"இந்தப் பதில் வேணாம்ணே. இதுக்குப் பழக்கம் தேவையில்ல. மறுபடி வெரட்டுங்க."

1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் வந்தேவிட்டான். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். நஜ்முதீனைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நவம்பரில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் சயாமுக்குப் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுலைகா, அவள் மாமியார், நான் என மூவரும் ரயிலேறிப் போனோம்.

காலையில் நின்ற வரிசை மதியத்துக்குப் பிறகுதான் நகர்ந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த துரைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளுக்கு முன்னால் பேசியவர்களுக்கெல்லாம் பக்கத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னார். சுலைகா அவரைக் கையமர்த்திவிட்டு நேராகத் துரையிடமே பேசினாள்.

"விச் எஸ்டேட்?" என்றான் அவன்.

தோட்டத்து ஆள் இல்லை, துணி வியாபாரி, பெயர் இது, செமினியில் லோரியில் ஏற்றிய தேதி இது என்று தடுமாறாமல் சொன்னாள். பட்டியலைப் புரட்டினான். எல்லாம் தோட்டவாரியாக இருந்தது. "நோ ரெக்கார்ட்" என்றான். அப்படியானால் லோரியில் ஏறியவர்களை எண்ணியது யார், அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். எரித்திருக்கலாம் என்றான். சயாமில் யாரிடம் எழுதிக் கேட்பது என்றாள்.

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"ஐ டோன்ட் நோ, மேடம். ஐ ஆம் சாரி."

வாளிமேல் உட்கார்ந்த என் துரை இரண்டு வருடத்தில் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. எந்த மேசையிலும் நான் கேட்டிராத பதில், அதனால் சொல்லித்தரவும் தோன்றவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் பேச வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே தலையாட்டி மறுத்தாள்.

பிறகு நிதானமான ஆங்கிலத்தில், "அதை எழுதிக் கொடுங்கள், ஐயா. அவர் பெயர், செமினி, லோரி, தேதி. உங்களுக்குத் தெரியாது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்றாள்.

அவன் ஒருதரம் அவளை நிமிர்ந்து பார்த்தான். காகிதம் எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினான்.

வெளியே வந்ததும் காத்தூன் பீவி அவள் கையைப் பிடித்தார். "என்னம்மா சொன்னான்?"

"தெரியாதாம் மாமி."

"இதக் கேக்கத்தானா ரெண்டு வருசம் படிச்ச?"

ரயிலில் உட்கார்ந்தபின் சுலைகா காகிதத்தைப் பிரித்து, மாமியாரின் விரலைப் பிடித்து மகன் பெயர் இருந்த இடத்தில் வைத்தாள். கிழவி விரலை எடுக்கவே இல்லை. பாதி வழி தாண்டி வெகுநேரம் கழித்து என்னைக் கேட்டார்.

"அடுத்த தொரை எந்த ஊர்ல இருக்கான் தம்பி?"

"பேங்காக்ல இருக்கலாம் மாமி. எழுதித்தான் கேக்கணும்" என்றேன்.

"திங்கக்கெழம வாங்கண்ணே" என்றாள் சுலைகா. "சிலேட்டு வேணாம். காகிதத்துலயே எழுதுறேன். நீங்க திருத்துங்க."

"கால் ரொம்ப வலிக்குதும்மா. செவ்வாக்கெழமன்னு வச்சுக்கலாமா?"

"திங்கக்கெழம" என்றாள்.