ஒன்பதடிக் குடில்

எழுபத்தொன்பதாம் ஆண்டு மூன்றாந் தவணைப் பரீட்சையில் எனக்குக் கணிதத்துக்கு இருபத்திரண்டு புள்ளி. அப்பா அறிக்கையை இரண்டு முறை படித்தார். ஜனவரியில் தோட்டத்தில் பேர் பதிந்துவிடலாம், கொழுந்தெடுக்கப் போகட்டும் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அப்பா சூசைரட்ணம் இருபது வருடமாகக் கவ்வாத்து வெட்டுகிறவர். வளர்ந்த தேயிலையைக் கட்டையாக வெட்டிவிடும் வேலை. எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசன் கோயிலில் கிறிஸ்து பிறப்பைக் காட்டும் நத்தார்க் குடில் கட்டுகிறவரும் அவர்தான். போன வருடம் ஹட்டனிலிருந்து பூசைக்கு வந்த பங்குச் சாமி ஆறடி ஆள். பாலன் சுரூபத்தை வைக்கக் குனிந்தவர், நிமிரும்போது குடிலில் மண்டையை இடித்துக்கொண்டார். ஆகவே இந்தத் தடவை முக்கோண முகப்பு ஒன்பதடி உயரம் வேண்டும், மூன்று பக்கமும் சமனாக இருக்க வேண்டும் என்று உபதேசியார் அமிர்தநாதன் சொல்லிவிட்டார். அப்பா தோட்டத் துரையிடம் கேட்டுப் பன்னிரண்டடி மூங்கில் மூன்று கொண்டுவந்து போட்டார். எத்தனை அடியில் வெட்டுவது என்று யோசித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

விடுவேனா? படிப்பு எதற்கு உதவும் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்காது. கொப்பியை எடுத்தேன். உயரம் ஒன்பதடி என்றால் ஒரு பக்கத்தின் நீளம், பதினெட்டின் கீழ் வர்க்கமூலம் மூன்று என்று வந்தது. அது சரிதான், இன்றைக்கும் சரிதான். ஆனால் கீழே வர்க்கமூலத்தை விட்டுவைக்கக் கூடாது. ஏனென்று கேட்பவர்கள் பதினெட்டை 1.732ஆல் கையால் வகுத்துப் பார்க்கட்டும். கீழே இன்னொரு வர்க்கமூலம் மூன்றால் பெருக்கினேன், வெறும் மூன்றாகிவிட்டது. பதினெட்டை மூன்றால் வகுத்தால் ஆறு. எவ்வளவு லட்சணமான விடை! மூன்று மூங்கிலையும் ஆறடியில் நானே வெட்டினேன்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராக்காயி அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறடிக் கழியை நேராக நிறுத்தினாலே ஒன்பதடி வராதே, சாய்த்து வைத்தால் எப்படி வரும் என்று கேட்டார். இது கணிதம், உங்களுக்கு விளங்காது என்றேன். மூன்றையும் முக்கோணமாகக் கட்டி நிறுத்தினேன். உச்சி என் நெற்றிக்கு வந்தது.

அப்பா வர மூன்று மணி நேரம் இருந்தது. மூங்கிலோடு சேர்த்து என் படிப்பையும் நானே வெட்டிப் போட்டுவிட்டேன் என்று உட்கார்ந்து அழுதேன்.

அக்காவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் தோட்டத்துச் சண்டையைச் சொன்னார். மழை என்று கரோல்காரர்கள் கீழ் டிவிசனில் மட்டும் பாடப் போகிறார்களாம். மேல் டிவிசன் ஆட்கள் கொதிக்கிறார்களாம். எங்கள் தோட்டத்தில் இது புதிதல்ல. கீழே தண்ணீர்க் குழாய் போட்டபோது, மேலேயும் போடும்வரை அவர்கள் ஒருவரும் வேலைக்கு இறங்கவில்லை.

"கீழ ஒண்ணு குடுத்தா மேலயும் அதையே குடுக்கணும். அதானே நாயம், இசபெல்லு?" என்றார் அக்கா.

என் அழுகை நின்றது. கொப்பியைப் பார்த்தேன். கீழே வர்க்கமூலம் மூன்றைத் தாராளமாகக் கொடுத்திருந்தேன். மேலே இருந்த பதினெட்டுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பரீட்சையில் புள்ளிகள் போன இடமும் இதுதான். மேலேயும் பெருக்கினேன். பதினெட்டு வர்க்கமூலம் மூன்றின் கீழ் மூன்று. சுருக்கினால் ஆறு வர்க்கமூலம் மூன்று. ஆறை 1.732ஆல் பெருக்க எவ்வளவு நேரம்? பத்தடி நாலே முக்கால் அங்குலம்.

கையில் இருந்தவை ஆறடித் துண்டுகள் ஆறு. அக்காவும் நானும் அவற்றை இரண்டிரண்டாக, ஒன்றரை அடிக்கு மேல் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக் கயிற்றால் இறுக்கினோம். அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வயதில் அதெல்லாம் வராது. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அப்பா வந்து உயரத்தை அளந்தார். ஒன்பதடி. பிறகு மூட்டுகளைத் தடவிப் பார்த்து, இது ஏன் என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். கொப்பியைக் காட்டி, எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. முகம் கழுவப் போனார். நத்தார் அன்று பகல் பூசைக்கு வந்த சாமி நிமிர்ந்தபடியே குடிலுக்குள் போனார். ஜனவரிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

ஜனவரியில், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், சூசைரட்ணத்தின் மகளுக்குப் பேர் பதிய வேண்டுமே, ஏன் கூட்டிவரவில்லை என்று கணக்கப்பிள்ளை கேட்டாராம். அங்கே நின்ற ராக்காயி அக்கா, அப்பா சொன்னதை அன்று பின்னேரம் என்னிடம் அப்படியே சொன்னார்.

"இருவது வருசமா வெட்டுறேனுங்க. தப்பா வெட்டுனா ஏசுவாங்க, ஏன் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. எம் மக தான் வெட்டுன தப்ப தானே கண்டுபுடிச்சு, ஏன்னும் சொன்னா. அவ படிக்கட்டும்."

கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா தடுக்கும்வரை போவோம் என்று பள்ளிக்கூடம் போய், நான் அப்போதுதான் வந்திருந்தேன். புத்தகப் பையைக்கூட இன்னும் இறக்கி வைக்கவில்லை.