சுத்தமான எண்ணெய்

எள்ளைப் பற்றிச் சொர்ணாம்பாளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பேச்சு. அவளும் அதை மறுத்ததில்லை. பதினெட்டு வருஷமாக அந்தச் சின்ன விதைக்குள் இருக்கும் புரதங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவள். எந்தப் புரதம் பிள்ளைகளின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் உதட்டை வீங்கவைக்கிறது, எது மூச்சை அடைக்கிறது என்று படம் போட்டு விளக்குவாள். எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு வகைப் புரதத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்திருந்தது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது போகாமல் தங்கிவிடும் என்று அதில் அவளே எழுதியிருந்தாள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் பிறகு சப்பைக்கட்டு கட்ட வேண்டாம்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்ததில் ஒன்பது பேருக்கு எள் ஆகாது என்று தெரிந்தது. அந்த ஒன்பது வீடுகளுக்கும் கொடுப்பதற்கு ஒரு தாள் தயாரானது. சொர்ணாம்பாள் முதலில் அதை ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தானே தமிழில் பெயர்த்தாள். ‘எள்ளை எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது’ என்று தொடங்கியது தாள். ‘கடைப் பலகாரங்களைத் தவிர்த்து, சுத்தமான எண்ணெயில் வீட்டில் சமைத்ததையே கொடுக்கவும்’ என்று முடிந்தது.

நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் வந்தவள் ரைஹானத். மேலப்பாளையத்துக்காரி. அவள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டாள்.

"மேடம், எண்ணெய்க்குன்னு தனியா ஒரு வரி போட்டுருவோமா?"

"எதுக்கு?"

"நம்ம சனங்களுக்கு எள்ளுன்னா எள்ளு, எண்ணெய்ன்னா எண்ணெய். ரெண்டையும் சேத்து யாரும் நினைக்க மாட்டாங்க."

"எந்த வடிவிலும்னு போட்டிருக்கேன்லா? எண்ணெய் என்ன ஆகாசத்துல இருந்தா வருது? எள் நெய்தான எண்ணெய், பேர்லயே எள்ளு இருக்கு. இதுகூடவா தெரியாது?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரைஹானத்தும் சிரித்துவைத்தாள். சம்பளம் வாங்குகிற இடத்தில் வேறென்ன செய்வாள்?

மணிமுத்தாற்றுக் கால்வாய் ஓரத்து ஊர் ஒன்றில் முத்துராணி இருந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள். புருஷன் கொம்பையா டிராக்டர் ஓட்டினான். ஒரே பிள்ளை, ஆறு வயது, இசக்கிப்ரியா. முத்துராணி எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் அந்தத் தாளை அவள் வாசித்தது போல ஒன்பது வீட்டில் வேறு யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். அடுப்படிக் கதவில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைத்து, தினமும் விரல் வைத்துப் படித்தாள். டப்பாவில் இருந்த எள்ளைக் கொண்டுபோய்க் கால்வாயில் கொட்டினாள். எள்ளுருண்டை விற்கிற கடைப் பக்கம் பிள்ளையைக் கூட்டிப் போவதை நிறுத்தினாள். இட்லிப் பொடியை எள் போடாமல் புதிதாகத் திரித்தாள்.

கடைசி வரிக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறுத்தியது. அதுவரை அந்த வீட்டில் ரேஷன் கடைப் பாமாயில்தான். படித்தவர்கள் சுத்தமான எண்ணெய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாம் பிள்ளைக்குக் கண்டதையும் ஊற்றுகிறோமே என்று நினைத்தாள். அவள் வாயில் எண்ணெய் என்றால் நல்லெண்ணெய் ஒன்றுதான். மற்றதையெல்லாம் தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய் என்று பேர் சொல்லித்தான் கேட்பாள். கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் போய், செக்கடியில் நின்று, கண்முன்னால் ஆட்டிய எண்ணெயில் அரை லிட்டர் வாங்கி வந்தாள். புருஷனுக்குப் பழைய பாமாயில். பிள்ளைக்கு மட்டும் இது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொடியில் அந்த எண்ணெயைக் குழைத்து இட்லி கொடுத்தாள். மூன்றாவது இட்லியில் பிள்ளை, "தொண்டைக்குள்ள என்னமோ செய்யுதும்மா" என்றது. ஆட்டோ அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தபோது மடியில் கிடந்த பிள்ளைக்கு மூச்சு இல்லை.

செய்தியை ரைஹானத்தான் கொண்டுவந்தாள்.

"எள்ளு கொடுத்துட்டாளா?" என்றாள் சொர்ணாம்பாள்.

"எள்ளு கொடுக்கல மேடம். எண்ணெய் கொடுத்திருக்கா. சுத்தமான எண்ணெய்."

சொர்ணாம்பாள் பயந்தாள். முதலில் தனக்காகப் பயந்தாள், பிறகுதான் பிள்ளையை நினைத்தாள். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ, அவளுக்கு அந்த வரிசையில்தான் வந்தது. அன்றைக்கே தாளைத் திருத்தினாள். கடைசி வரியை எடுத்துவிட்டு, ‘நல்லெண்ணெயும் எள்தான், அதையும் கொடுக்கக் கூடாது’ என்று இரண்டாவது வரியாகச் சேர்த்தாள். மேலே இருந்த பழைய தேதியை மாற்றவில்லை. ரைஹானத் எட்டு வீடுகளுக்குப் போய்ப் பழைய தாளை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கொம்பையா சும்மா இருக்கவில்லை. சோதனை என்று சொல்லிப் பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள், கலெக்டரிடம் மனு கொடுக்காமல் விட மாட்டேன் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சொர்ணாம்பாள் ரைஹானத்தைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போனாள். காரில் அதை மனசுக்குள் நாலைந்து தடவை சொல்லியும் பார்த்தாள். அதில் பொய் இல்லை.

வாசலில் கொம்பையாவும் அவன் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். வா என்று ஒருவரும் சொல்லவில்லை. உள்ளே முத்துராணி பாய் விரித்தாள். அடுப்படிக் கதவில் தாள் இல்லை. பிள்ளையை எடுத்துப் போன அன்றைக்கே கொம்பையா அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருந்தான்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் முத்துராணி. "அந்தத் தாள்ல எண்ணெய் ஆகாதுன்னு போட்டிருந்துச்சா? போடவே இல்லன்னு இவுக சொல்லுதாக. நான் எழுத்துக்கூட்டி வாசிக்கவ. ஒரு வரிய விட்டுட்டேனோன்னு கெடந்து தவிக்கேன்."

சொர்ணாம்பாள் பையிலிருந்து தாளை எடுத்தாள். இது புதுசு, பழசில் இல்லை, நான்தான் போடாமல் விட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் முத்துராணி அதை வாங்கிவிட்டாள். விரல் முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரியில் நின்றது.

"நல்... லெண்... ணெயும்... எள்... தான்."

மறுபடியும் ஒரு தடவை பைய வாசித்தாள்.

"போட்டிருக்கே டாக்டரம்மா."

வேறு தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாசலில் நின்றவர்கள் காதில் விழும் தூரம்தான். சொர்ணாம்பாள் பதினெட்டு வருஷத்தை நினைத்தாள், கலெக்டர் அலுவலகத்தை நினைத்தாள், செய்தித்தாளில் தன் படத்தை நினைத்தாள்.

"ஆமா" என்றாள்.

ரைஹானத் எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கின்றன. அதனால் அது நியாயம் ஆகிவிடாது.

முத்துராணி அழவில்லை. புருஷனைக் கூப்பிட்டாள்.

"இங்கன வாங்க. போட்டுத்தான் இருக்கு. நான்தான் பாக்கல. இனி இவங்கள ஏசாதீங்க."

கொம்பையா எட்டாவது வரை படித்தவன். தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசித்தான். இரண்டாவது வரியை வாசித்தான், மேலே இருந்த தேதியையும் பார்த்தான். கதவில் ஒட்டியிருந்ததை அவன் ஒருநாளும் படித்ததில்லை. அது பொம்பளை பார்க்க வேண்டிய காரியம் என்று இருந்துவிட்டவன்.

"மன்னிச்சிருங்கம்மா" என்று சொர்ணாம்பாளைக் கும்பிட்டான். "வெவரம் தெரியாம வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பினான். முத்துராணி வழியில் நின்றாள். அவள் மேல் படாமல் சுவரோரமாக ஒதுங்கி, அவன் வெளியே போனான்.